மெட்டில்டாவும் கோல்டன் ஏஸ் முன்வாசலும்

எங்க ஊரப்பாக்கம் காலனியில மெட்டில்டா வீட்டுக்கு ராங் நம்பர் போட்டாக்கூட, "குட் ஈவ்னிங், ஹோட்டல் கோல்டன் ஏஸ்!"னுதான் காதுல விழும். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு, மகாராணிக்கு இன்னும் டியூட்டி முடியல.

ஜி.எஸ்.டி. ரோட்டுல அந்த ஹோட்டல் ஒரு காலத்துல இருந்த இருப்பே தனி. கிண்டியில ரேஸ் முடிஞ்சா காரெல்லாம் நேரா அங்கதான் வந்து நிக்கும். மாடியில சீட்டாட்ட கிளப், கீழே பேண்டு வாத்தியம், வாசல்ல தேக்குக் கதவு, அதைத் திறந்து சல்யூட் அடிக்க ஒரு தலைப்பாகைக்காரர். டெலிபோன் போர்டுல இருந்த மெட்டில்டா கதை சொன்னா, அந்த சல்யூட்டே இவளுக்காகத்தான்னு தோணும். நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கேன்.

அப்புறம் சீட்டு கிளப்புக்குப் பூட்டு விழுந்தது. ஹோட்டல் இளைச்சுப்போய், 2006ல ஃபிளாட் கட்டறவங்க கைக்குப் போச்சு. இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு என் வீட்டுல வந்து உட்கார்ந்தவ, காபியைத் தொடவே இல்ல.

"காமு, யார்கிட்டயும் சொல்லாதே. ஸ்டாஃப் எல்லாம் கிச்சன் வழிதான் போகணும். இத்தனை வருஷத்துல முன்வாசல்ல நான் காலெடுத்து வெச்சதே இல்ல. இடிக்கறதுக்குள்ள ஒரு தடவை போயிடணும்டி."

அடிப்பாவி! அத்தனை சல்யூட்டும் டூப்பா? திட்டலாம்னு பார்த்தேன். மூக்கு சிவந்திருந்தது, விட்டுட்டேன்.

அமெரிக்காவுல சூதாட்ட ஹோட்டல்களை வெடி வெச்சு, கண்மூடித் திறக்கறதுக்குள்ள பொலபொலன்னு சரிக்கறதை டிவியில பார்த்திருக்கா. இங்கேயும் ஞாயித்துக்கிழமை டமால்தான்னு காலனி பூரா தண்டோரா போட்டா. அதுக்கு முன்னாடி தான் மட்டும் உள்ளே போய்ட்டு வர்றதா திட்டம். லிப்ஸ்டிக், ஹீல்ஸ், பூப்போட்ட கவுன். மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்கும் தூக்கிட்டு நான் பின்னாடி போனேன், என் தலையெழுத்து.

அங்கே வெடியாவது ஒண்ணாவது! மொட்டைமாடியில நாலு பேர் சம்மட்டியால தட்டிட்டிருந்தாங்க. முன்வாசல் இருந்த இடத்துல பெரிய ஓட்டை. நம்ம ஊர்ல முதல்ல கழட்டறதே கதவு ஜன்னலைத்தானே? ஒரு மாடு நிதானமா உள்ளே போய் வெளியே வந்தது.

"இதுல போனா போனதாகுமா? மாடு கூடத்தான் போகுது!" ஹீல்ஸைக் கையில எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டா. அதுக்கப்புறம் போனையே எடுக்கல. கதவை வாங்கினவர் கூடுவாஞ்சேரியில பழைய கதவு ஜன்னல் கடை வெச்சிருக்கற ஹாஜா மைதீன்னு விசாரிச்சுட்டுப் போய், அவர்கிட்ட எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டேன். ரகசியமாம் ரகசியம்!

"இன்னாக்கா, இதுக்குப் போயி பேஜார் ஆவறீங்க? நாளைக்கு அவங்களை இட்டுகினு வாங்க," என்றார்.

மறுநாள் மெட்டில்டாவை வீட்டுக்கே போய்க் கிளப்பிக் கூட்டிட்டுப் போனேன். கடை முற்றத்துல, சாத்தி வெச்ச ஜன்னல்களுக்கு நடுவுல, அந்தத் தேக்குக் கதவு நிலையோட முட்டுக்கொடுத்து நின்னது. சுத்தி சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பித்தளைக் கைப்பிடியைக்கூட தேய்ச்சு வெச்சிருந்தார் மனுஷன். கதவை அகலத் திறந்து, விறைப்பா ஒரு சல்யூட். "வாங்க மேடம்!"

மெட்டில்டா கவுனைச் சரி பண்ணிக்கிட்டு, நிமிர்ந்து நடந்தா. கதவுகிட்ட வந்ததும் கால் தானா ஒதுங்கிச்சு. நிலையைச் சுத்திக்கிட்டுப் பின்பக்கமா போய் நின்னுட்டா.

எனக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்னுபோச்சு. ஹாஜா சல்யூட் அடிச்ச கையை இறக்கவே இல்ல.

"கிச்சனை இட்ச்சாச்சு மேடம்," என்றார் மெதுவா. "இப்டிக்கா வாங்க."