பெட்டிமேல் எழுதிய படிப்பு

என் கட்டிலுக்கு அடியில் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று, பழைய புடவை மூடிக் கிடக்கிறது. புடவையை விலக்கினால் மூடியில் அக்காவின் பெயர், பக்கத்திலேயே 'நர்ஸ்'. துறைமுகத்தில் நைனாவோடு, எங்கள் அப்பாவோடு, மூட்டை இறக்கியவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. சரக்குகளுக்குக் குறி எழுதுபவர் தன் கையாலேயே எழுதினார். அப்போது அக்கா நர்சிங் பள்ளி வாசலைக்கூட மிதித்ததில்லை. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பதில் எங்கள் ராயபுரத்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

வெளிநாட்டு நர்சிங் பள்ளிக்குத் தயார்படுத்துவதாகச் சொல்லி ஒரு டீச்சரம்மா மாதா கோயில் தெருவில் வகுப்பு நடத்தினார். முதலில் இங்கிலீஷும் உடற்கூறும். பலகை நிறைய எலும்புகள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை பெயர் சொல்லிப் படிப்பாள். போகப்போகப் பலகையில் எலும்புகள் குறைந்தன. கம்பளி உடுப்புக்கு இஸ்திரி போடுவது, மேசையில் கரண்டி அடுக்குவது, வீட்டுக்கார அம்மாளுக்குத் தலைகுனிந்து பதில் சொல்வது என்று பாடம் மாறியது.

"நைனா, ஊசி போடக் கத்துத் தரல. தரை தொடைக்கத்தான் கத்துத் தராங்க. பயமா கீது" என்றாள் அக்கா.

"அங்க போனா சொல்லித் தருவாங்கம்மா. பொட்டில பேரு எய்தியாச்சி, மாதா கோயில் பூசைல சாமியாரு ஆசீர்வாதம் பண்ணிட்டாரு. இப்ப போவலன்னா நான் ஹார்பர்ல எப்டி தலை நிமுந்து நடக்கறது?"

நைனாவுக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்து போனார். அக்கா கப்பலேறினாள்.

பள்ளி என்று ஒன்று இருக்கவேயில்லை. அவள் போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய வீட்டுச் சமையலறைக்கு. சில வருஷம் கழித்து வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள். மறுநாளே பக்கத்து வீட்டுப் பெண் ஜுரக் குழந்தையோடு ஓடி வந்தாள்.

"நர்சக்கா, புள்ள கண்ணே தொறக்க மாட்டுதுக்கா!"

நைனா பெருமையாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடுகள் அசைந்தன. அவள் முணுமுணுத்தது எலும்புகளின் பெயர் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

"எனக்குத் தெரியாதுடி, ஆஸ்பத்திரிக்கு ஓடு!" என்று கத்தினாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அக்கா தன் புடவை ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் விரித்து, அந்த எழுத்தை மூடினாள். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, எழுத்து தெரிந்த ஓரத்தில் புடவையை இழுத்துவிட்டார்.