அக்கா இல்லாத ஒரு வாரம்

முப்பது வருடங்களுக்கு மேல் பர்மிங்காமில் வாழ்ந்த பிறகு, சென்னைக்கே திரும்பிவிடலாமா என்ற பேச்சை எங்கள் வீட்டில் தொடங்கியவன் நான். நிபந்தனை போட்டவள் என் மனைவி.

"கல்யாணத்துக்கு வந்து ரெண்டு வாரம் பட்டுப்புடவை கட்டிட்டுப் போறதை வச்செல்லாம் முடிவு பண்ணக் கூடாதுங்க. மூணு மாசம் வாடகைக்கு வீடு எடுப்போம். அங்க நம்மால குப்பை கொட்ட முடியுதான்னு பாப்போம்" என்றாள்.

அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். சோதனை என் தொழில்தான் என்றாலும், இந்த விஷயத்தில் எனக்குச் சோதனை தேவைப்படவில்லை. சென்னை என்றால் எனக்கு என் அக்கா. சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில், முதல் மாடியில் தனியாக இருந்தாள். கணக்கு டீச்சராக இருந்தவள். அத்தான் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் மெல்பர்னில். ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்குப் போன் செய்வாள். அந்தப் போனுக்குப் பதிலாக நேரிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் என் திட்டம் முழுவதும்.

அக்டோபர் கடைசியில், மழையோடு வந்து இறங்கினோம். அக்கா வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மந்தைவெளியில் ஒரு ஃபிளாட் கிடைத்திருந்தது. நாங்கள் இங்கேயே தங்கிவிட யோசிக்கிறோம் என்று சொன்னால் அக்கா சந்தோஷத்தில் அழுதுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. எங்கள் முன்னால் காப்பியை வைத்துவிட்டு, "வயசான காலத்துல இங்க வந்து என்னடா பண்ணப்போற?" என்று கேட்டாள்.

"உன்கூட இருப்பேன்."

"அது சரி. மத்த நேரத்துல?"

அதற்குப் பிறகு அவள் எங்களைக் கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தாள். எல்லாமே பர்மிங்காமைப் பற்றியவை. அங்கே பஸ்ஸில் ஏறினால் டிரைவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிய எத்தனை நாளாகும்? ஜன்னலை எப்போதாவது திறப்பீர்களா? ஒருநாள் என் மனைவியிடம் கேட்டாள்: "டாக்டர்கிட்ட போனா வலிய இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவ? குத்தல் வேற, குடைச்சல் வேற, இழுக்கிறது வேற. எல்லாத்துக்கும் பெயின்தானா?"

என் மனைவிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வலிக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடினார்கள். குடைச்சலுக்குக் கடைசிவரை அகப்படவில்லை. எனக்கோ அக்கா எங்களை இங்கே வரவிடாமல் அந்த ஊரின் அருமையை நினைவூட்டுகிறாள் என்றுதான் பட்டது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கல்லறைத் திருநாள் அன்று அப்பா அம்மாவின் கல்லறைக்குப் போனோம். பூ எங்கே வாங்குவது, சுற்றிலும் புல் வெட்டுபவரை எப்படிக் கூப்பிடுவது, கல்லறையை மந்திரித்து ஜெபம் சொல்ல ஃபாதரிடம் எப்போது சொல்லிவைப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "பாத்து வச்சுக்கோ" என்றாள். பார்த்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

இதற்கிடையில் வீடு பார்க்கும் வேலையும் நடந்தது. புரோக்கர் ஒருவர் எங்களைத் தன் பைக்குக்குப் பின்னால் ஆட்டோவில் வரச்சொல்லி ஊரெல்லாம் சுற்றினார். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு, கீழே கடைகளும் கூட்டமுமாக எனக்குப் பிடித்திருந்தது. கோட்டூர்புரத்தில் ஒன்று அமைதியாக இருந்தது. தி. நகரில் ஒரு புதுக் கட்டடத்தில் அவர் மிகவும் பெருமையாக நின்றார்.

"லிப்டு கீது, ஜெனரேட்டர் கீது, மெட்ரோ வாட்டர் கீது. இன்னும் இன்னா சார் வோணும்?"

என் மனைவி வீட்டுக்குள்ளேயே போகவில்லை. லிப்டுக்குள் போய்க் கைகளை விரித்து அளந்தாள். "இதுல ஸ்ட்ரெச்சர் போகுமா?" என்று கேட்டாள்.

புரோக்கர் லிப்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா, பால் காச்சறதுக்கு முன்னாடியே இப்டிப் பேசறீங்க?"

"காச்சின பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?" என்றாள் என் மனைவி.

எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்படித்தான். மருந்துக்கடைக்கு நடந்துபோவாள். நடைபாதை எங்கே முடிந்து சாக்கடை மூடி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பாள். ஆம்புலன்ஸ் திரும்ப இடமிருக்கிறதா என்று வாட்ச்மேனைக் கேட்பாள். நான் பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கடற்கரையிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் வஞ்சிரம் வாங்கியிருந்தாள். சமையலறையில் அக்காவும் என் மனைவியும் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா, குளிர்காலத்தில் துணி எப்படி உலர்த்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணி, நீங்க எங்க போகப்போறீங்க?"

நான் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து உள்ளே போனேன். அக்கா கையில் மசாலாவோடு என்னைப் பார்த்தாள்.

"பையன் விசாவுக்குப் போட்டிருந்தான். வந்துடுச்சு. வந்து எங்ககூடவே இருந்துடுங்கன்றான்."

"எப்ப வந்துச்சு?"

"நீங்க டிக்கெட் போட்டதுக்கு அப்புறம்."

"ஏன் சொல்லல?"

"எப்படிடா சொல்றது? நீ எனக்காக வர்றேன்ற. நான் போறேன்னு சொன்னா வராமலே இருந்துடுவ. வாடான்னு கூப்பிட்டுட்டு நான் கெளம்பினா நல்லாவா இருக்கும்? உனக்கு வேற காரணம் ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் கூடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது வருத்தம்தான், மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் போனதும் சிரிப்பு வந்தது. அவள் இருக்கிறாள் என்று நான் கிழக்கே வர, அவள் எனக்கு முன்னால் இன்னும் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறாள். சிரிப்பும் அடங்கியபோது மிஞ்சியது ஒரு கேள்வி. அக்கா இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? அது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒருவரைக் காரணமாக வைத்திருந்ததால் வேறு எதையும் நான் பார்த்திருக்கவே இல்லை.

சாப்பிடும்போது அக்காதான் வழி சொன்னாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்றை விலக்கிவிட்டு மீதியைப் பார்ப்பது அவளுக்குக் கைவந்த விஷயம். "ஒரு வாரம் நான் போயாச்சுன்னு வச்சுக்கோங்க. போன் பண்ணக் கூடாது, வரக் கூடாது. நானும் இங்க மெல்பர்ன்ல இருக்கிற மாதிரி இருந்து பாக்கறேன். பையனும் மருமகளும் காலைல போனா சாயங்காலம்தான் வருவாங்களாம். அதுவரைக்கும் கதவைச் சாத்திட்டு, யார்கிட்டயும் பேசாம இருக்கேன்."

"அண்ணி, இது நல்லா இருக்கே!" என்றாள் என் மனைவி. அவள் கண்கள் மின்னின. நான் தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆரம்பித்தோம். முதல் நாள் எனக்குக் கைகால் ஓடவில்லை. அக்கா வீட்டுப் பக்கம் தானாகத் திரும்பிய காலைப் பிடித்து நிறுத்தி, கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனேன். குளிரூட்டிய கூடத்தில், ஒரு பெரிய ஜன்னலருகே, வேதியியல் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "சார், நீங்க கெமிஸ்ட்ரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு சந்தேகம் கேட்டாள். நான் ஆங்கிலத்திலேயே சொல்லித்தந்த பாடத்தைத் தமிழில் சொல்லத் தடுமாறினேன். சொல்லி முடித்தபோது பசித்தது. மதியம் தாண்டியிருந்தது. மறுநாளும் போனேன்.

என் மனைவிக்கு அந்த வாரம் வேறு மாதிரி போயிற்று. மந்தைவெளித் தெருவில் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துக்கு யாரோ அழைத்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒரு பெண்மணி தலைசுற்றல் என்றாளாம். இவள் பையிலிருந்து பி.பி. பார்க்கும் கருவியை எடுத்திருக்கிறாள். உடனே எல்லோரும் கையை நீட்டிவிட்டார்கள். இரவு வீட்டுக்கு வந்தவள், "என்னங்க, அந்தத் தெருவுல பாதிப் பேர் மாத்திரைய அரை அரையா ஒடிச்சுப் போட்டுக்கறாங்க. ஏன்னு கேட்டா, உடம்புக்குச் சூடாம்" என்று சொல்லிச் சொல்லி வியந்தாள். ஓய்வுபெற்ற பிறகு அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காய் வாங்க மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போயிருந்தேன். தரையில் கடை போட்டிருந்த ஒரு அம்மாவிடம் வெண்டைக்காயை அள்ளிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால், அடுத்த கடையில் அக்கா! வாழைக்காயைத் தடவிக்கொண்டு, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒப்பந்தப்படி அவளைத் தெரியாதவன் போல் குனிந்தேன்.

"புச்சா எறங்கின சரக்கு சார். இன்னும் ரெண்டு கை போட்டுக்கோ" என்றாள் கடைக்கார அம்மா.

போட்டுக்கொண்டேன். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. இன்னொரு கை போட்டேன்.

"டேய்! அது முத்தல்டா! நுனிய ஒடிச்சுப் பாரு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்கார அம்மாவுக்குக் கோபம். "யாரு சார் அந்தம்மா, நடுவுல பேசிக்கினு?"

"தெரியாதும்மா" என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருவரும் ஓட்டலுக்குப் போய்க் காப்பி குடித்தோம். ஒப்பந்தம் அதோடு முறிந்தது.

அங்கேதான் அவள் தன் கதையைச் சொன்னாள். அவளால் இரண்டாம் நாளைத் தாண்ட முடியவில்லையாம். கீழ்வீட்டுப் பெண் கறிவேப்பிலை கேட்டு மணியடித்திருக்கிறாள். அக்கா மூச்சுக் காட்டாமல் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். தனியாக இருக்கும் அம்மா கதவைத் திறக்கவில்லையே என்று பயந்து அந்தப் பெண் வாட்ச்மேனைக் கூப்பிட, அவர் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட, கதவை உடைக்கப் பேசிக்கொண்டிருந்தபோது இவள் திறந்துவிட்டாள். தூங்கிவிட்டேன் என்று பொய் சொன்னாளாம்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் மனைவியிடம் கேட்டாள். "அங்க யாரும் இப்படி வந்து தட்டமாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க அண்ணி. போன் பண்ணிட்டுத்தான் வருவாங்க."

"அது நல்லதா, கெட்டதா?"

என் மனைவி யோசித்துச் சொன்னாள். "முதல் ரெண்டு வருஷம் கெட்டது. அப்புறம் நல்லது."

"எனக்கு அவ்வளவு டைம் இருக்கான்னு தெரியல" என்றாள் அக்கா. ஆனால் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும், அந்தக் கடல் நம் கடல் மாதிரி சத்தம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். எழுபது வயதில் அவள் முகத்தில் இருந்தது பயமல்ல, ஆவல். நான் முதன்முதலில் கிளம்பியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வழியனுப்பியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

கடைசியில் ஏற்பாடு இப்படி ஆயிற்று. அக்கா ஆறு மாதத்துக்குப் போய்ப் பார்ப்பது. நாங்கள் மந்தைவெளி வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டில் இருப்பது. பர்மிங்காம் வீட்டை விற்பதில்லை. லண்டனில் இருக்கும் எங்கள் மகளுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "உங்க அப்பா அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றாள். கோடையில் லண்டன் வந்து இரண்டு மாதம் இருப்பதாகச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினோம்.

விமான நிலையத்தில் அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். உள்ளே போகும் வரிசையில் நின்றுகொண்டு, "கேஸ் புக் பண்ணியிருக்கேன், வந்தா வாங்கிப் போடு" என்று கத்தினாள்.

ஆறு மாதம் முடிந்து அவள் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கக் கிழவி இருக்கிறாளாம். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. வேலிக்கு மேலே அவள் எலுமிச்சம்பழம் கொடுக்கிறாள், இவள் ஊறுகாய் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மூட்டு வலிக்கிறது, ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்கிறாள். குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் சொன்னபடி கோடையில் மகளிடம் போய் இருந்துவிட்டுத் திரும்பினோம். இங்கே எனக்குப் பிடிக்காதவை நிறைய இருக்கின்றன. சாலையைக் கடப்பது இன்னும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒலிபெருக்கி வைத்தால் என் மனைவி தலைவலியோடு படுத்துவிடுகிறாள். பிடித்தவை எவை என்று இன்னும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் நூலகத்திலிருந்து வந்தபோது இரண்டு பேர் மாடிப்படியில் ஒரு பீரோவைத் திருப்பித் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று என் மனைவி, சுவரில் இடிக்காமல் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அப்போ முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"துணி வைக்க இடமில்லைங்க" என்றாள். "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். நல்ல கனமான பீரோ.