அக்காவின் அறிக்கையில் ஒரு ஜன்னல்

என் அக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் நல்லவிதமாக எழுத எனக்கு வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள்மேல் எனக்குப் பொறாமை.

என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் கல்லூரியில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தபோது, அவள் அதே முதல் வருடத்தை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். 'கவிஞரின் மனநிலையை விளக்குக' என்ற கேள்விக்கு, 'அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது' என்று எழுதிப் பூஜ்யம் வாங்கியவள். அதே கேள்விக்கு நான் நாலு பக்கம் எழுதினேன். அந்த நாட்களில் அவள்மேல் எனக்குக் கொள்ளைப் பாசம்.

அந்த வருடமே இலக்கியத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கல்லூரியின் பின்மைதானத்தில் நடக்கும் தீயணைப்பு அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தாள். பன்னிரண்டு வாரம். தேறினால் தீயணைப்பு நிலையத்தில் வேலை. "பாடத்துலயே தேறல, நெருப்புல எங்க தேறப் போற?" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மாடியில் இருந்த எங்கள் வகுப்பிலிருந்து பார்த்தால் மைதானம் நன்றாகத் தெரியும். பேராசிரியை உருவகத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுவாள். வகுப்பு முழுக்கக் கழுத்தைத் திருப்பும். ஒருநாள் பேராசிரியையே சாக்பீஸும் கையுமாக ஜன்னலோரம் வந்து வேடிக்கை பார்த்தார். "உங்க அக்காவா? என்ன தைரியம்!" என்றார். என் நாலு பக்கத்துக்கு அவர் 'நன்று' என்று மட்டும்தான் எழுதியிருந்தார்.

வீட்டில் அதைவிட மோசம். அப்பா தையல்காரர். அக்காவின் பயிற்சிச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால் போதும், மூன்று நாள் அதைக் கடை வாசலில் தொங்கவிடுவார். போகிறவன் வருகிறவன் எல்லாம் "இது யாருது?" என்று கேட்க வேண்டுமே! என் கதை அச்சான கல்லூரி மலரை அம்மா அலமாரித் தட்டில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கியிருந்தாள். "நல்ல கெட்டித் தாளுடி" என்று பாராட்டு வேறு.

கடைசி வாரம் தேர்வு. புகை நிரப்பிய கட்டடத்துக்குள் தவழ்ந்து போய், ஆள் எடையில் செய்த பொம்மையைத் தேடி வெளியே இழுத்து வர வேண்டும். பிறகு உள்ளே நடந்ததை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அக்கா பொம்மையை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலம் ஒரு கசங்கிய தாளோடு என்னிடம் வந்தாள். "இத டைப் பண்ணிக் குடுடி. என் கையெழுத்து எனக்கே புரியல."

வறட்டு வறட்டு வாக்கியங்கள். டைப் செய்துகொண்டே வந்தவள், நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: 'தொலைவில் ஒரு ஜன்னல் வழியே ஒளிக்கீற்று ஒன்று நம்பிக்கையாய் விரிந்தது.' ஒரு உதவிதானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவள் ஜெயிப்பதில் என் கையும் இருக்க வேண்டும், நாளைக்கு யாராவது அறிக்கையைப் புகழ்ந்தால் 'அது நான் எழுதினது' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஆசை அவ்வளவுதான். காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். தேறவில்லை. அடுத்த அணியோடு பன்னிரண்டு வாரமும் மறுபடி செய்ய வேண்டுமாம்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அப்புறம் அக்கா கேட்டாள், "அந்த ரூமுக்கு ஜன்னலே கெடையாதுடி. நீ எங்கேர்ந்து கொண்டுவந்த?"

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான்தான் எழுதினேன்னு சொல்லலியா?"

"கையெழுத்து என்னுதாச்சே" என்றாள்.

மறுநாள் பயிற்சியாளரைப் பார்க்கப் போனேன். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் எல்லோரும் அவரை விசில் என்பார்கள். திக்கித் திணறி உண்மையைக் கொட்டினேன்.

"தெரியுமே" என்றார். "ஒளிக்கீற்றுன்னு எழுதுற ஆளா உங்க அக்கா?"

"அப்பறம் ஏன் சார் அவள நிறுத்தினீங்க? தப்பு என்னுது."

"இந்தக் காயிதத்த நம்பித்தாம்மா அடுத்த ஆளு உள்ள போவான். புகைக்குள்ள இல்லாத ஜன்னலத் தேடிக்கிட்டுக் கெடந்தான்னா அவன யாரு தூக்கிட்டு வர்றது? படிக்காம கையெழுத்து போட்டது அவ தப்பு. அத அவ கத்துக்கணும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பண்ணினதுக்கு இங்க மார்க் போட எடமில்ல. வீட்டுக்குப் போ."

என் ஒரு வரிக்காக அக்கா மறுபடியும் பன்னிரண்டு வாரம் குழாய் சுமந்தாள். மாடியிலிருந்து பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. வகுப்பில் இடம் மாறி, சுவர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாம் தேர்வு முடிந்த அன்று அவளே ஒற்றை விரலால் அறிக்கையை டைப் செய்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். "எழுத்துப் பிழை மட்டும் பாரு." அவள் என்னிடம் மறுபடி கொடுத்ததே எனக்குத் தாங்கவில்லை.

படித்தேன்.

'கதவு சூடாக இல்லை. திறந்தேன். எதுவும் தெரியவில்லை. இடது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் போனேன். மூன்றாவது அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு கால் கையில் பட்டது. குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. பொம்மை என்று தெரியும். வந்துட்டேன் என்று சொன்னேன். இழுத்து வந்தேன்.'

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. சேர்க்க ஒரு சொல் இல்லை, எடுக்கவும் இல்லை. எத்தனை கதை எழுதியிருக்கிறேன், ஒன்றில்கூட 'வந்துட்டேன்' போல ஒரு சொல் வந்து விழுந்ததில்லை. அவளுடைய ஏணியையும் சட்டையையும் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் இந்தப் பொறாமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"எப்படிடி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"பரவாயில்ல" என்றேன்.