சத்தம் அடங்கிய வேன்

என் அக்கா புருஷன் வேன் ஓட்டுகிறவர். காலையில் ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், மாலையில் அவரவர் தெருமுனையில் இறக்கிவிட வேண்டும். இதில் இரண்டாவதுதான் தகராறு. "நிறுத்துங்க" என்றால் இரண்டு தெரு தள்ளித்தான் நிற்பார். பின்சீட்டு அக்கவுண்டன்ட் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள், இன்னொரு தடவை தாண்டிப் போனால் எல்லோரும் வேறு வேனுக்கு மாறிவிடுவார்களாம். மாமாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"நான் என்னடா பண்றது? இஞ்சின் போடுற கூச்சல்ல யார் சொல்றது கேக்குது?" என்றார் என்னிடம்.

நியாயம்தான். அந்த வேனில் இஞ்சின் இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில். சத்தத்தை அடக்க மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த கனத்த கம்பளி, எண்ணெய் குடித்து, சூட்டில் வெந்து, தொட்டாலே உதிர்ந்தது. மிச்சத்தை எலி கொண்டுபோயிருந்தது. மாமா கம்பெனியில் புதுசு விலை கேட்டார். கேட்டதோடு சரி. நான் சீட் கவர் தைக்கிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

"எரியுற எதையும் இஞ்சின் மேல வைக்க விடமாட்டேன்" என்று அக்கா சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். நாங்கள் கொண்டுவந்த ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினாள். பழைய மெத்தைப் பஞ்சு, தரைவிரிப்பு, என் கடை நுரை ரப்பர், எல்லாம் பற்றிக்கொண்டது. நுரை ரப்பர் நாற்றத்தில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில், பின்பக்கம் நசுங்கிய கார் ஒன்றின் பானட்டுக்கு அடியில் கிழியாத கம்பளி கிடைத்தது. அடுப்பில் கருகியதே தவிரப் பற்றவில்லை. அக்கா தலையாட்டினாள்.

மூடியின் எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுத்தேன். செய்தித்தாளில் அளவு வெட்டி, அதை வைத்துக் கம்பளியை வெட்டினேன். பசையை மட்டும் நம்பினால் சூட்டில் இளகித் தொங்கிவிடும், அதனால் அகலமான வாஷர் கொடுத்துத் திருகினேன். மாமா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார், முக்கால்வாசி என் கண்ணில்.

மறுநாள் மாலை நானும் வேனில் ஏறிக்கொண்டேன். பாராட்டை நேரிலேயே வாங்கிக்கொள்ளலாமே! உள்ளே அப்படி ஓர் அமைதி. முன்சீட்டில் மிட்டாய் பிரிப்பது பின்சீட்டில் கேட்டது. அக்கவுண்டன்ட் அம்மா ஃபோனில் மாமியாரைத் திட்ட ஆரம்பித்தவள், எல்லோருக்கும் கேட்கிறது என்று புரிந்ததும் பாதியில் மாமியாரைப் புகழத் தொடங்கினாள்.

அவள் தெருமுனை வந்தது. "இங்க நிறுத்திக்கோங்க" என்றாள், வீட்டில் பேசுகிற குரலில். கத்த வேண்டிய அவசியம்தான் இல்லையே.

வேன் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள். எல்லோரும் மாமாவின் பின்னந்தலையைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் அவர் தோளைத் தட்டினேன்.

இறங்கும்போது அவள் சண்டை போடவில்லை. "பாத்துப் போங்க" என்றாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மாமா மூடியைத் திறந்தார். "இதைக் கழட்டிடுடா" என்றார்.

"ஏன்?" என்றேன் எரிச்சலோடு.

"முன்னெல்லாம் கத்துவாங்க. கத்துனா கேக்கும்."

எரிச்சல் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. திருப்புளியைக் கையில் எடுத்தேன், திருகத்தான் மனம் வரவில்லை. வாசலுக்கு வந்திருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"அதைக் கழட்ட வேணாம். நாளைக்குக் காது டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள், சாதாரணமாக.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொல்றா?"