லினக்ஸில் ஓடிய லாரி

கணவருக்கு இடது கால் எலும்பு முறிந்து ஆறு வாரத்துக்குக் கட்டு போட்டிருந்தார்கள். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பகலில் வீட்டில் இருந்து பழக்கமே இல்லை. மூன்றாம் நாளே ஜன்னலருகில் உட்கார்ந்து, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தப்பாகத் திரும்பும் வண்டிகளைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். இவருக்கு லாரி ஓட்டும் கேம் ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பொத்தேரியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு வேலை. அங்கே எந்த மெஷினிலும் விண்டோஸ் கிடையாது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். வீட்டிலும் அதையே போட்டு வைத்திருந்தேன். கேமுக்காகக் கம்ப்யூட்டரில் மாட்டும் பழைய ஸ்டியரிங் வீலும் பெடலும் தாம்பரத்தில் ஒரு கடையில் கிடைத்தன. லினக்ஸ் என்றதும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“அதுல கேம்லாம் ஓடாதுக்கா. விண்டோஸ் போட்டுத் தரேன், சிஸ்டத்தைக் கொண்டாங்க.”

ஓடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். விண்டோஸுக்காக எழுதிய கேமை லினக்ஸில் ஓட்டித் தரும் மென்பொருள் இருக்கிறது. லேபில் மதிய இடைவேளையில் நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே கேம் திறந்தது. வீலும் ஒழுங்காகத் திரும்பியது. ஆனால் அவர் கால் வைப்பதற்கு முன்பே லாரி பாய்ந்துபோய்ச் சுவரில் முட்டியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகம் குறைந்தது. பெடல் போச்சு, திருப்பிக் கொடுத்துவிடு என்றார் அவர். நான் கேட்கவில்லை. மிதிக்க மிதிக்கத் திரையில் எண் ஏறுவதற்குப் பதில் இறங்குவதைக் கண்டுபிடித்து, செட்டிங்கில் அந்த ஒன்றைத் தலைகீழாக்கினேன். சரியாகிவிட்டது. கட்டுப் போட்ட காலுக்கு வேலை வராதபடி கிளட்ச் தானாக இயங்கவும் வைத்தேன்.

ஏதோ ஐரோப்பிய நெடுஞ்சாலை. இண்டிகேட்டர் போடாமல் அவர் ஒரு தடவைகூட லேன் மாறவில்லை. குறுக்கே ஒரு வண்டியும் வராத சிக்னலிலும் நின்றார். அரை மணி கழித்து என் பக்கம் திரும்பினார்.

“இன்னா ஊரு இது? ஒருத்தனும் ஹார்ன் அடிக்க மாட்டேன்றான்.”

கட்டுப் பிரித்து அவர் வேலைக்குப் போன பிறகு வீல் சும்மா கிடந்தது. ஸ்கூட்டர் தவிர வேறெதுவும் ஓட்டியறியாத நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார்.

“முன்னாடியே பாக்காத. மிரரைப் பாரு.”

பார்த்தேன். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது நான்கு தடவை கோணிக்கொண்டது. ஐந்தாவதில் கோட்டுக்குள் நேராக நின்றது. அவர் அடுத்த லோடை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.