பேர் நீக்கிய வருஷத்துத் தீபம்

எங்கள் கடை வாசலில் ஆட்டோ நிறுத்துபவர் அவர். நல்ல உயரம். ஆனால் போலீஸ் ஜீப் வந்தால் போதும், வியர்வை துடைக்கிற மாதிரி துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். எப்போதோ ஓர் அடிதடி வழக்கு. அதில் விடுதலையான பிறகும் ரவுடிப் பட்டியலில் அவர் பேர் நின்றுவிட்டது. எங்கள் ஊர் மலையில் ஏற்றும் கார்த்திகை தீபம் வந்தால் போலீஸ்காரர்கள் முன்னாடியே கூட்டிப்போய் ஸ்டேஷன் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

கோர்ட் உத்தரவு வாங்கிப் பேரை நீக்கிய வருஷம், "இந்த வாட்டி வூட்டுக்காரிகூட நின்னு பாக்கப்போறேண்ணே" என்றார்.

தீபத்தன்று அவரும் மனைவியும் நானுமாகக் கூட்டத்தில் நின்றோம். ஓர் இளம் போலீஸ்காரர், "கொஞ்சம் நவுருங்க, பின்னாடி மறைக்குது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டித் தரையில் குந்திவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஐயோ, எழுந்திருங்க" என்று போலீஸ்காரரே பதறினார்.

"பழகிப்போச்சும்மா" என்று மனைவியிடம் முனகினார் இவர். துண்டு முகத்துக்குப் போய்விட்டது.

அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தார். "எனக்குந்தான் கால் வலிக்குது. துண்ட எடுய்யா, ஏத்தப்போறாங்க."

அரோகரா முழக்கம் எழுந்தபோது ஊரே மலையைப் பார்த்தது. நான் குனிந்து பார்த்தேன். துண்டு முகத்தில்தான் இருந்தது. தீபம் எப்படி எரிகிறது என்று அந்த அம்மா அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.