விதைப்புக்கு வைத்திருந்த முழங்கால்

அருப்புக்கோட்டையில் மூட்டுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. பரளச்சிப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் விதைமூட்டையை மூடுவதுபோல வேட்டியால் முழங்கால்களை மூடினார். தொடைச் சதை வற்றியிருந்தது.

"நடக்குறதே இல்லையாய்யா?"

"மூட்டு தேஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாக. கோடை பூரா கட்டில விட்டு எறங்கலம்மா. இருக்கறத மிச்சம் பிடிச்சு விதைப்புக்கு வச்சுக்கிருவோம்னு நெனச்சேன்."

அளவாக நடந்து, தொடையைப் பலப்படுத்தினால்தான் மூட்டு தாங்கும், அசையாமல் கிடந்தால் சதை வற்றிவிடும் என்றேன். காலை நீட்டி, நிறுத்தி, இறக்கிக் காட்டினேன். அவர் கவனமாகச் செய்தார். வெளியே விதைப்பு மழை இறங்கியது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப நான் மிச்சம் பிடிச்சதெல்லாம் எங்கம்மா போச்சு?"

இன்னொரு தடவை காலை நீட்டச் சொன்னேன்.